ஒரு துளியிற் கண்ட உண்மை
பேராசிரியர் ஆர்தர் லோஸ் வரலாறு

நாடுகளை வென்றவர்களின் பெயர்களைப் பள்ளிப் பிள்ளைகள் மனனஞ் செய்கின்றனர். நோய்களை வென்றவர்களின் பெயர்களை வைத்தியர்களே அறிவர். அத்தகைய பெயர்களுள் ஒன்று ஆர்தர் லோஸ் என்பது. மருத்துவ உலகில் நூறாண்டுக்கு மேலாக நன்கு வழங்கிவரும் அப்பெயரைக் கல்முனைப் பகுதியில் வாழும் நம்மிற் கேள்விப்பட்டோர் சிலரே. ஜேர்மனியிற் பிறந்து எகிப்தில் உழைத்த அவருக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று இளைஞர்கள் வினவலாம். வெறுங்காலுடன் வளவில் இறங்கி நடக்கும் ஒவ்வொருவரும் அவருக்குக் கடமைப்பட்டவர். அன்றியும், நமது இலங்கைத் தீவின் பெயரை ஒரு புழுவுக்குச் சூட்டி வைத்தவரும் அவரே.

புழுவின் பெயரைக் கேட்டதும் முகஞ் சுளிப்போர் உண்டு. அந்தச் சுளிப்பே இந்நோய்க்குப் பெருந்துணை என்பதை அவருடைய வாழ்க்கை நமக்கு எடுத்துக் காட்டும்.

நோயின் பழங்கதை

உடல் வெளிறி, மூச்சு வாங்கி, நாலடி நடந்தாற் களைத்து உட்காரும் நோயை நம் முன்னோர் பாண்டு என்றனர். இரத்தம் குறைவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று குடலிலே குடியிருந்து குருதியை உறிஞ்சும் கொளுக்கிப்புழு. ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் நீளமும் தையல் நூலின் பருமனும் உடைய சிறு புழு அது. தலைப்புறம் கொளுக்கிபோல் வளைந்திருப்பதால் அப்பெயர் பெற்றது.

இத்தாலியிலே மிலான் நகரத்து வைத்தியர் டுபினி என்பவர் 1838ஆம் ஆண்டில் ஓர் ஏழைப் பெண்ணின் உடலைப் பரிசோதித்தபோது இப்புழுவை முதன்முதலாகக் கண்டு, 1843இல் அதனை விவரித்து எழுதினார். எகிப்தியக் குடியானவர்களை வாட்டிய வெளிறல் நோய்க்கு இப்புழுவே காரணம் என்று கெய்ரோவிற் பணியாற்றிய கிறீசிங்கர் 1854இல் எடுத்துரைத்தார். உயிரோடிருக்கும் நோயாளியின் குடலுக்குள் எவ்வாறு பார்ப்பது? அதற்கும் வழி பிறந்தது. பெண் புழு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் இடும் முட்டைகள் மலத்தோடு வெளிவருகின்றன; அம்மலத்திற் சிறிதளவை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் நோய் தெரிந்துவிடும் என்பதை 1878இல் இத்தாலிய அறிஞர் கிராசி முதலியோர் நிறுவினர். இரண்டு ஆண்டுகளின் பின், சுவிற்சலாந்தில் மலையைக் குடைந்து சென் கொதார்ட் புகையிரதச் சுரங்கம் அமைத்த தொழிலாளர் கூட்டங் கூட்டமாக இரத்தமின்றி வீழ்ந்தபோது, அவர்களுடைய மலத்திலும் இம்முட்டைகளே காணப்பட்டன.

நோய் இன்னதென்று அறிந்தாயிற்று. பரிசோதிக்கவும் வழி கண்டாயிற்று. ஆனால், அப்புழு மனிதனுக்குள் எவ்வாறு புகுகின்றது என்பது மட்டும் தெளிவாகவில்லை. அழுக்குக் கையாலும் அசுத்த நீராலும் வாய்வழியே செல்கின்றது என்றே யாவரும் எண்ணினர். வட்டப்புழு அவ்வாறுதான் செல்கின்றது. இதுவும் அவ்வாறே என்று கொண்டனர். அவ்வெண்ணத்தை மாற்றியவர் லோஸ்.

இளமையும் எகிப்துப் பயணமும்

1861ஆம் ஆண்டில், ஜேர்மனியின் கெம்னிற்ஸ் நகரிலே ஆர்தர் லோஸ் பிறந்தார். லைப்சிக் பல்கலைக்கழகத்தில், ஒட்டுண்ணிகளைப் பற்றிய அறிவுக்கு அக்காலத்திற் பேராசானாய் விளங்கிய லொய்க்கார்ட் அவர்களின் மாணவரானார். பிற உயிர்களின் உடலில் வாழும் நுண்ணிய புழுக்களைத் தேடிப் பிரித்து, அவற்றின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்து வைப்பதே அவர் கற்ற தொழில். பார்ப்போருக்கு இது பயனற்ற பொழுதுபோக்காகத் தோன்றும். கண்ணும் கையும் பொறுமையும் பழகியது அங்கேதான்.

1893ஆம் ஆண்டில் அவர் எகிப்துக்குச் சென்றார். நைல் நதிக் கரையில் வாழும் உழவர்களைச் சிறுநீரில் இரத்தங் கண்டு வருந்தச் செய்த பில்ஹாசியா என்னும் நோயை ஆராய்வதே அவர் சென்ற நோக்கம். பின்னர் கெய்ரோ மருத்துவக் கல்லூரியில் ஒட்டுண்ணியியற் பேராசிரியராக அமர்ந்தார். அங்கே வயல்வேலை செய்யும் மக்களிடையே கொளுக்கிப்புழு நோயும் மலிந்திருக்கக் கண்டு, அதன் வரலாற்றை முழுமையாக அறிய முற்பட்டார்.

கையில் விழுந்த துளி

கொளுக்கிப்புழுவின் முட்டை ஈரமான, நிழலான, இளஞ்சூடான மண்ணில் ஓரிரு நாளிற் பொரித்துவிடும். வெளிவரும் குடம்பி, அதாவது இளம்புழு, ஐந்து முதற் பத்து நாட்களில் இருமுறை தோல் உரிக்கும் நிலையை அடைந்து, மனிதனைப் பற்றும் வல்லமை பெறும். லோஸ் அத்தகைய குடம்பிகளை ஆய்வுகூடத்தில் வளர்த்து, அவற்றைக் கொண்ட நீரைத் துளி துளியாகக் கினிப்பன்றிகளின் வாயிலே விட்டுப் பரிசோதித்து வந்தார். அவ்வாறு செய்கையில் ஒருநாள் ஒரு துளி தவறி அவர் கையின்மேல் விழுந்தது.

வேறொருவராயிருந்தால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருப்பர். லோஸ் கையைப் பார்த்தார். துளி விழுந்த இடம் எரிந்தது; அரித்தது; சிவந்து தடித்தது. இது வெறுந் தற்செயலா என்று அறிய, வேண்டுமென்றே மற்றொரு துளியைக் கையில் விட்டார். சிறிது நேரத்தில் அதே எரிச்சல். தோலின்மேல் எஞ்சியிருந்த ஈரத்தைச் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தார். அங்கே பெரும்பாலும் காணப்பட்டவை குடம்பிகள் கழற்றிவிட்டுப் போன வெறுஞ் சட்டைகளே. உள்ளே இருந்தவை எங்கே? தோலுக்குள்ளே போயிருக்க வேண்டும்.

இனி அவர் செய்ததே பெரிது. அவர் தம்முடைய மலத்தைத் தாமே பரிசோதிக்கத் தொடங்கினார். பல வாரங்கள் ஒன்றும் தென்படவில்லை. பின்னர் ஒருநாள் கொளுக்கிப்புழுவின் முட்டைகள் தோன்றின. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், பிறர் வாய்விட்டுச் சொல்லவும் கூசும் பொருளைக் கண்ணாடித் தட்டில் வைத்துக்கொண்டு நாள்தோறும் குனிந்து பார்த்திருந்தார். அவர் வெட்கப்பட்டிருந்தால் உண்மை இன்னும் எத்தனை ஆண்டு மறைந்திருக்குமோ!

அத்தோடும் அவர் மனம் அமையவில்லை. நோய் காரணமாக ஒரு சிறுவனின் காலை வெட்டி எடுக்க வைத்தியர்கள் தீர்மானித்திருந்தனர். சத்திர சிகிச்சைக்குச் சற்று முன்னதாக அக்காலின் தோலிலே குடம்பி நீர் இடப்பட்டது. வெட்டியெடுத்த காலின் தோலை மெல்லிய துண்டுகளாக அரிந்து பார்த்தபோது, மயிர்க்கால்களின் வழியே உள்ளே நுழைந்துகொண்டிருந்த இளம்புழுக்கள் கண்ணுக்குத் தெரிந்தன. தோல்வழி நுழைவு பற்றிய தம் முதல் முடிவை 1898இலேயே அவர் உலகுக்கு அறிவித்திருந்தார்.

உலகம் உடனே ஏற்கவில்லை. காலில் நுழையும் புழு குடலை எவ்வாறு அடையும் என்று பலர் ஐயுற்றனர். லோஸ் நாய்களைக் கொண்டு ஆராய்ந்து அவ்வழியையும் கண்டார். தோலிற் புகுந்த குடம்பி குருதியோடு இதயத்தை அடைகின்றது. அங்கிருந்து நுரையீரலுக்குச் செல்கின்றது. மூச்சுக்குழல் வழியே மேலேறித் தொண்டையை அடைகின்றது. எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலிற் போய்த் தங்குகின்றது. இவ்வளவு நெடிய சுற்றுப் பயணத்தைக் கேட்டவர் கதை என்றே எண்ணினர். ஆயினும் 1902இல் அசாம் தேயிலைத் தோட்டங்களிற் பணியாற்றிய வைத்தியர் பென்ற்லி, மழைக்காலத்தில் தொழிலாளரின் பாதங்களில் அரித்துப் புண்ணாகும் நோய்க்கு இக்குடம்பிகளே காரணம் என்று காட்டினார். நம் ஊரில் வயலிலிருந்து வருவோரின் காற்புண் எல்லாவற்றையும் சேற்றுப்புண் என்றே அழைத்து விடுகின்றோம். அவற்றுள்ளும் சில இப்புழு நுழைந்த வாயிலாய் இருத்தல் கூடும்.

சோம்பல் என்ற பழி

ஒரு புழு நாளொன்றுக்கு உறிஞ்சும் குருதி மிகச் சிறிதே. மனிதரைப் பற்றும் இரு பெரும் இனங்களில் ஒன்று ஒரு மில்லி லீற்றரின் நூறிலொரு பங்கில் மூன்றையும், மற்றது அதனின் ஐந்தாறு மடங்கையும் இழக்கச் செய்யும் என்பர். நூறு புழுக்கள் இருந்தாலோ, நாள்தோறும் 3 முதல் 18 மில்லி லீற்றர் வரை போய்விடும். நல்ல உணவு உண்பவன் ஈடுசெய்து கொள்வான். வறிய வீட்டுப் பிள்ளையும் கருவுற்ற தாயும் என் செய்வர்? பிள்ளை வகுப்பிலே தூங்கும். தாய் மெலிந்த குழந்தையைப் பெறுவாள். உழைப்பாளி பாதி நாளிலேயே மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு உட்காருவான். கண்டவர் அவனைச் சோம்பேறி என்பர்.

இப்பழி உலகெங்கும் ஏழைகள்மேற் சுமத்தப்பட்டதுதான். 1899இல் போட்டோ ரிக்கோத் தீவைப் பெரும்புயல் தாக்கியபின், அங்கே வெளிறிக் கிடந்த மலைநாட்டு உழவர்கள் உணவின்றி வாடுகின்றனர் என்றே முதலிற் கருதினர். உணவு கொடுத்தும் தேறவில்லை. வைத்தியர் அஷ்போர்ட் அவர்களின் மலத்தைப் பார்த்தபோது கொளுக்கிப்புழு முட்டைகள் இருந்தன. சோம்பல் எனப்பட்டது நோயாயிற்று.

இலங்கையிலும் அதே கதைதான். தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளரிடையே இந்நோய் மிக்கிருந்தது. 1916இல் அமெரிக்காவின் றொக்பெல்லர் அறநிலையத்தார் அரசாங்கத்தோடு சேர்ந்து மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கினர். மருந்து கொடுத்தனர், புழுக்கள் விழுந்தன, சில மாதங்களில் திரும்பவும் நோய் வந்தது. மலசலகூடம் இல்லாத லயங்களில், மருந்துண்டவர் மீண்டும் அதே மண்ணிற்றானே கால் வைக்கின்றார்! லோஸ் கையிற் கண்ட உண்மை மலைநாட்டில் மீண்டும் மெய்ப்பட்டது. மருந்து மட்டும் போதாது, மண்ணையும் காக்க வேண்டும் என்னும் படிப்பினையோடு, 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பெற்றது. ஊருக்கு ஊர் சுகாதார வைத்திய அதிகாரியும் பரிசோதகரும் மருத்துவ மாதும் வருகின்ற வழக்கம் அதிலிருந்து வளர்ந்ததே.

ஈழத்தின் பெயர் பெற்ற புழு

கொளுக்கிப்புழுவின் உடலமைப்பையும் வாழ்க்கையையும் பற்றி லோஸ் எழுதிய பெருநூலின் பகுதிகள் 1905இலும் 1911இலும் வெளிவந்தன. அதே 1911இல், இலங்கையிற் பிடிபட்ட புனுகுப்பூனை ஒன்றின் குடலிலிருந்து கிடைத்த புழுக்களை ஆராய்ந்து, இது தனியோர் இனம் என்று கண்டு, இலங்கையின் ஆங்கிலப் பெயரோடு சேர்த்து அதற்குப் பெயரிட்டார். பிரேசில் நாட்டில் அதற்கு முன்னரே கண்ட இனத்தினின்று இது வேறன்று என்று பிறர் மறுத்தனர். நெடுங்காலம் அவர் சொல் எடுபடவில்லை. 1951இல்தான் இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்பது தெளிவாயிற்று. நாய், பூனைகளிடத்தில் வாழும் இப்புழு மனிதர் குடலிலும் வளரக் கூடியது என்பதும், தென்னாசிய, தென்கிழக்காசிய ஊர்களிற் பலரை அது பற்றியிருக்கின்றது என்பதும் இன்று அறியப்பட்டுள்ளன. தெருநாய்கள் திரியும் ஊரில் நம் மலசலகூடம் மட்டும் சுத்தமாயிருந்தாற் போதாது என்பதை இது உணர்த்துகின்றது.

அறிஞரும் இடறிய இடம்

பெரியோரின் வரலாற்றை எழுதுவோர் அவருடைய வெற்றிகளை மட்டும் எழுதி நிறுத்துவதுண்டு. அது அவருக்கும் பெருமையாகாது; கற்போருக்கும் பயன்தராது. லோஸ் எகிப்துக்குச் சென்றது பில்ஹாசியா நோயின் பொருட்டு என்றோம். அந்நோயின் புழு நத்தை போன்ற ஓருயிரின் உள்ளே வளர்ந்த பின்னரே மனிதனை அடையும் என்று சிலர் ஊகித்தனர். லோஸ் நத்தைகளைத் தேடித் தேடிச் சோதித்தும் அதைக் காணவில்லை. ஆகவே, முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சே நேராக மனிதத் தோலிற் புகுகின்றது என்று முடிவு கட்டினார். கொளுக்கிப்புழுவிற் கண்டதை இங்கும் பொருத்திவிட்டார் போலும். அவருடைய புகழின் பெருமையால் அக்கருத்து வலிமை பெற்று நின்றது. 1913இல் ஜப்பானிய அறிஞர் மியாயிரியும் சுசுக்கியும் தம் நாட்டிலுள்ள அவ்வினப் புழு நத்தையில் வளர்வதைக் கண்டனர். 1915இல் லைப்பர் என்னும் பிரித்தானிய அறிஞர் எகிப்திலேயே, கெய்ரோவின் அருகில், நத்தைகளிலே அதனைக் காட்டினார். நத்தை பற்றிய வழக்கில் லோஸ் தோற்றார்.

தம் கையிற் கண்டதை மீண்டும் மீண்டும் சோதித்த இடத்தில் அவர் வென்றார். ஓரிடத்துக் கண்டதை மற்றோரிடத்துக்கும் சோதனையின்றி நீட்டியபோது இடறினார். இளைஞர்கள் மனத்திற் கொள்ள வேண்டிய பாடம் இது.

அதற்குள் உலகப் போர் மூண்டது. 1914இல் ஜேர்மானியர் என்ற காரணத்தால் அவர் எகிப்தை விட்டுப் போக நேர்ந்தது. இருபதாண்டு உழைத்த ஆய்வுகூடத்தைப் பிரிந்து தாய்நாடு திரும்பி, கீசன் நகரிற் பணியாற்றி, 1923இல் அங்கேயே காலமானார்.

நம் கடமை

இலங்கையில் இந்நோய்கள் இன்று பெரிதும் குறைந்துள்ளன. 2017இல் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடைபெற்ற நாடளாவிய ஆய்வில், மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் நூற்றுக்கு ஒருவர்க்கும் குறைவாகவே காணப்பட்டன. ஆயினும் தோட்டப் பகுதிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில் அவை இருந்தன. அன்று பழி சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்றும் புழுச் சுமக்கின்றனர் என்பது நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி. உலகெங்கிலும் நூற்றைம்பது கோடி மக்கள் அளவில் இப்புழுக்களுக்கு இடங்கொடுத்து வாழ்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

நம் கடற்கரை ஊர்களை எடுத்துக்கொள்வோம். பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று வீடோடு வீடு ஒட்டிய ஊர்கள். வெயிலிற் காயும் வெறுங் கடல்மணலிலே கொளுக்கிப்புழுவின் குடம்பி நெடுநேரம் பிழைக்காது. கிணற்றடியில் நீர் பாயும் வாழைப்பாத்தியும் தென்னை நிழலின் ஈரமண்ணுமே அதற்கு ஏற்ற தொட்டில். அங்கேதான் நம் பிள்ளைகள் வெறுங்காலுடன் விளையாடுகின்றனர். மண்ணில் இறங்கும்போது செருப்பு அணிவதும், சிறு குழந்தையின் மலத்தையும் வளவில் எறியாது மலசலகூடத்தில் இடுவதும், நாய் பூனைகளுக்குப் புழுமருந்து கொடுப்பதும் அதன் வழியை அடைப்பன. வட்டப்புழுவும் சாட்டைப்புழுவும் வாய்வழி வருவன. ஒரு பெண் வட்டப்புழு நாளொன்றுக்கு இரண்டு இலட்சம் வரை முட்டையிடும். அம்முட்டை மண்ணிலே சில வாரங்கள் பக்குவப்பட்ட பின்னரே நோய் தரும். கை கழுவுதலும் கீரை, காய்களை நன்கு அலசுதலும் அதற்குக் காவல்.

இனிப் பரிசோதனை. வைத்தியர் மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால், துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதோடு மறந்துவிடுவோர் நம்மிற் பலர். போத்தலைக் கையிற் கொண்டுபோக வெட்கம். வழியில் தெரிந்தவர் கண்டாற் கூச்சம். வயிறு வலித்தாற் கடையிற் கேட்டுப் பூச்சிக் குளிகை வாங்கி விழுங்கி விடுகின்றனர். அமீபாவால் வந்த வயிற்றுளைவுக்கு அக்குளிகை பயன் செய்யாது. வேறு நோயால் வரும் இரத்தச்சோகையையும் அது தீர்க்காது. இன்ன நோய் என்று அறிந்தால் அன்றோ இன்ன மருந்து என்று கொடுக்கலாம்! சுத்தமான, உலர்ந்த, வாயகன்ற போத்தலிற் சிறிதளவு போதும். அன்றைய மலத்தை அன்றே, தாமதியாது கொண்டுபோக வேண்டும். வெப்பத்திற் கிடந்தாற் கொளுக்கிப்புழு முட்டை பொரித்து உருமாறிவிடும். ஒருமுறை பார்த்துத் தென்படாவிடின் இல்லை என்று முடிவு செய்தலும் ஆகாது. முட்டை நாள்தோறும் ஒரே அளவாய் வருவதில்லை. வேறு வேறு நாட்களில் மும்முறை பார்ப்பது நலம். கருவுற்ற தாய்மார் முதல் மூன்று மாதம் கழியுமுன் புழுமருந்து உண்ணலாகாது. மருத்துவ மாதின் சொற்படி நடக்க வேண்டும்.

மண்ணுக்குச் சமயம் இல்லை. நம் வளவில் மழைவெள்ளம் எடுத்துச் செல்வது அயலவரின் வளவிலே படியும். முஸ்லிம் சகோதரரின் வளவில் உள்ளது நம்முடையதிலே வந்து சேரும். ஆகவே இந்தப் பணியில் ஊர் முழுவதும் ஒரு வீடே. சங்க இளைஞர்கள் சிரமதானத்துக்கு மண்வெட்டி எடுக்கும்போது, மலசலகூடம் அமைக்க வசதியற்ற வீடு ஏதும் உண்டோ என்பதையும் ஒருமுறை கேட்டு வாருங்கள். பெரியோர்களே, பிள்ளை களைத்துக் கிடந்தாற் சோம்பேறி என்று ஏசுமுன், அவன் கண்ணின் கீழிமையைச் சற்று இழுத்துப் பாருங்கள். வெளிறியிருந்தால் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

ஒரு பேராசிரியர் தம் மலத்தைத் தாமே ஆராய்ந்ததால் உலகம் ஓர் உண்மையைப் பெற்றது. அந்த உண்மையின் பயனை நாம் அடைய வேண்டுமாயின், ஒரு சிறு போத்தலைக் கூச்சமின்றி வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லும் துணிவு போதும். அத்துணிவு நம் இளைஞரிடத்து உண்டாகுக. நம் ஊர்ப் பிள்ளைகள் யாவரும் நிறைந்த குருதியும் நெடிய ஆயுளும் பெற்று வாழ்க!